கடிகாரப் பக்கம்

ஓட்ரா ஆறு கோசானுஃபுக்குள் வந்தது
ஒரு சனிக்கிழமை இரவில்,
ஓசையில்லாமல், சாக்கடை மூடிகளைத் தூக்கிக்கொண்டு.
அப்பா கரையில் மணல்மூட்டை அடுக்கப் போயிருந்தார்,
அம்மா போகாதே என்று சொல்லியும்.
அவள் குளியல்தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டு
மூன்று பேருக்கு எத்தனை நாள்,
நான்கு பேருக்கு எத்தனை நாள் என்று
இரண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கிங்காவின் கையில் முட்டை.
சந்தையில் பாதி விலைக்கு வாங்கிய போலி,
ஊதா நிறம், மூன்று பொத்தான்,
தபால்தலை அளவுத் திரைக்குள்
கறுப்புப் புள்ளிகளைக் கூட்டிச் செய்த ஒரு குஞ்சு.
புவ்கா என்று பெயர் வைத்திருந்தாள். பன் என்று அர்த்தம்.
அவளுக்கு ஏழு வயது, அதற்குப் பதினோரு நாள்.

ஞாயிறு மதியத்துக்குள்
கீழே தபால்பெட்டிகளின் மூன்றாம் வரிசை மூழ்கிவிட்டது.
எங்களுக்கு நான்காம் மாடி. ஆளுக்கு நாளைக்கு மூன்று கோப்பைத் தண்ணீர்.
புவ்காவுக்கு மட்டும் அளவே இல்லை.
அழுத்தினால் ரொட்டி, மறுபடி அழுத்தினால் மறுபடி ரொட்டி.
கழிந்துவைத்தால்
திரையின் ஓரத்திலிருந்து ஓர் அலை வந்து
எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போகும்.
அந்த அலை வரும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

திங்கள் காலை கிங்கா ஒன்று கண்டுபிடித்தாள்.
நேரம் மாற்றும் பக்கத்துக்குள் போய் நின்றுகொண்டால்
கடிகாரம் ஓடாது.
கடிகாரம் ஓடாவிட்டால் பசிக்காது, வயதாகாது.
"அப்பா வர்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்.
அவர் பாக்காம இது வளரக் கூடாது."
பத்து நாற்பத்திரண்டு
மினுக்கிக்கொண்டே நின்றது.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை.
ஃபிரிட்ஜ் முனகவில்லை. லிஃப்ட் இருமவில்லை.
படிக்கட்டின் அடியில் தண்ணீர் மட்டும்
சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.
எனக்கு அப்போது பதினொன்று,
எதற்கும் பயப்படக் கூடாத வயது.

அன்றிரவு அவள் தலையணைக்கடியில் கைவிட்டு எடுத்தேன்.
போர்வைக்குள் கடிகாரத்தை ஓடவிட்டேன்.
உடனே கத்தியது.
அதன் வாயைப் பொத்தினேன்;
வாய் என்பது முதுகில் மூன்று துளை.
ஊட்டினேன். விளையாடினேன்,
இடமா வலமா, ஐந்தில் நான்கு தோற்றேன்.
அதற்கு ஒரு விளக்குகூட இருந்தது,
ஏற்றி ஏற்றி அணைத்தேன்.
ஊர் முழுக்க இருட்டு, புவ்காவுக்கோ காலை பதினொரு மணி,
அந்தக் காலைக்குள் நான் ஒருத்தன் உட்கார்ந்திருந்தேன்.
விடியுமுன் மறுபடி
பத்து நாற்பத்திரண்டுக்குத் திருப்பி வைத்தேன்.
செவ்வாய் இரவும் அப்படித்தான்.

புதன் காலை அதற்குக் கால் முளைத்திருந்தது.
அலகும்.
"நிறுத்தித்தானே வெச்சிருந்தேன்?"
கிங்கா அழவில்லை; ஐந்தாம் மாடிக்கு ஓடி
பானி வியஸ்வாவாவிடம் காட்டினாள்.
அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாராம்.
அம்மா தன் கோப்பையைக் குடித்து முடிக்கிறவரை
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது ஆகஸ்டில் செத்தது,
பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரம்,
கோட்டுப் பையில் மறந்துபோய்.
என் இரண்டு இரவுகளைப் பற்றி
கிங்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வியாழன் அன்று அப்பா சிப்பாய்களின் படகில் வந்தார்.
மார்புவரை காய்ந்த சேறு, கக்கத்தில் இரண்டு ரொட்டி.
அம்மா கதவைத் திறந்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
கிங்கா முட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்:
"பாருங்க, நீங்க இல்லாமலே வளந்திடுச்சு."
கோணிச் சரடு அறுத்து வீங்கிய விரல்
தவறான பொத்தானில் பட்டது,
திட்டுகிற பொத்தானில்.
குஞ்சு தலையைத் தொங்கப் போட்டு முதுகைக் காட்டியது.

அவர் பதறிப்போனார்.
"ப்ஷெப்ராஷம்," என்றார் அதனிடம், மன்னிச்சுக்கோ.
அம்மா மேஜையில் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள்.
இன்னொரு தடவையும் சொன்னார்,
இந்தத் தடவை
திரையைப் பார்க்காமல்.